கைக்குழந்தையும் கேளிக்கைப் பூங்காவும்

"ஏழு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராட்டினம் சுற்றப் போகிறவர்கள் உலகத்தில் உண்டா?" என்று நம் வீட்டு அம்மாள் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளை. அவரோ நம்மைப் பார்த்தார். நாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தைகளுள், தக்க சமயத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது மிகவும் முக்கியமானது.

பேத்தியைப் பார்த்துக்கொள்வதற்காக ஆறு மாத உத்தேசத்துடன் கலிபோர்னியாவில் பெண்ணின் வீட்டுக்கு வந்திருந்தோம். தமிழ்நாட்டுப் பெற்றோர்களில் எத்தனையோ பேர் பிரசவ மருந்தையும் பருப்புப் பொடியையும் பெட்டியில் கட்டிக்கொண்டு இப்படிக் கடல் கடக்கிறார்கள். அந்த யாத்திரையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இப்போது அது வேண்டாம். விஷயம் என்னவென்றால், பேரனுக்கு மூன்றாவது பிறந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலாந்துக்குப் போய்வந்துவிட வேண்டும் என்று பெண் தீர்மானித்துவிட்டாள். மூன்று வயது நிறையாத குழந்தைக்கு அங்கே அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. மூன்று முதல் ஒன்பது வரை குழந்தைச் சீட்டு. பத்து வயதாகிவிட்டால் அந்தப் பூங்காவின் கணக்கில் அவன் பெரிய மனிதன். நமக்கு என்ன கட்டணமோ அதுவேதான் அவனுக்கும். "இன்னும் பதினெட்டு நாள் இவன் இலவசம், மாமா!" என்று மாப்பிள்ளை நாட்காட்டியைக் காட்டினார். சிக்கனம் என்ற பெயரால் எவ்வளவு பெரிய செலவையும் செய்துவிடலாம் என்பது குடும்பஸ்தர்கள் அனைவரும் அறிந்த ரகசியம்.

அம்மாளின் ஆட்சேபம் அத்துடன் தீரவில்லை. "பெரியவனுக்கே நாளைக்கு இது ஞாபகம் இருக்கப்போவதில்லை. சின்னவளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பின்னே யாருக்காகப் போகிறோம்?" என்றாள்.

இந்தக் கேள்வி சாமானியமானதல்ல. மனோதத்துவ சாஸ்திரிகளும் அவள் கட்சியில்தான் இருக்கிறார்கள். வளர்ந்த மனிதர்களைக் கேட்டால், அவர்களுடைய மிகப் பழைய ஞாபகம் பெரும்பாலும் மூன்று அல்லது மூன்றரை வயதைச் சேர்ந்ததாகவே இருக்கிறதாம். அதற்கு முற்பட்டது எல்லாம் அழிந்த ஓலைச் சுவடிதான். ஆகவே, யாருக்காக என்ற கேள்வியை மூட்டை முடிச்சுகளுடன் சேர்த்துக் காரில் ஏற்றிக்கொண்டு, வடக்கேயிருந்து ஒரு பகல் முழுவதும் பிரயாணம் செய்து, அனஹைம் போய்ச் சேர்ந்தோம். வழியில் எத்தனை இடத்தில் நின்றோம், எதற்காக நின்றோம் என்பதைக் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் ஒரு பெஞ்சியின் கதையைச் சொல்லியாக வேண்டும். வால்ட் டிஸ்னி என்ற சித்திரப்படக்காரருக்கு டயான், ஷாரன் என்று இரண்டு பெண்கள். விடுமுறை நாட்களில் அவர்களை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து கிரிஃபித் பூங்காவில் உள்ள குடை ராட்டினத்துக்கு அழைத்துப் போவார். பெண்கள் குதிரைமேல் சுற்றிக்கொண்டிருப்பார்கள். தகப்பனார் பெஞ்சியில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். குழந்தைகள் விளையாடுவதும் பெரியவர்கள் காத்திருப்பதுமாக இல்லாமல், இருவரும் சேர்ந்து சந்தோஷப்படுவதற்கு ஓர் இடம் ஏன் இருக்கக்கூடாது என்று அங்கேதான் அவருக்குத் தோன்றிற்றாம். ஆரஞ்சுத் தோப்புகள் இருந்த 160 ஏக்கர் நிலத்தை வாங்கி, ஏறக்குறைய ஒரே ஆண்டில் கட்டி முடித்து, 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி கதவைத் திறந்தார். முதல் நாள் ஏகக் குழப்பம். போலிச் சீட்டுடன் ஆயிரக்கணக்கானவர்கள் புகுந்துவிட்டார்கள். வெயிலில் புதுத் தார் இளகி ஸ்திரீகளின் குதிகால் செருப்புகள் புதைந்தன. குழாய் வேலைக்காரர்களின் வேலை நிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய்களும் போதவில்லை. கலியாண வீட்டில் முதல் பந்தி நடத்திப் பார்த்தவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்கள்.

நாம் போன காலை வேளையில் இந்தக் குழப்பம் ஒன்றும் இல்லை. வாசலில் பைகளைச் சோதித்தார்கள். நமக்குப் பயம் பேத்தியின் பால் புட்டிகளைப் பற்றியல்ல. அம்மாள் கட்டிவந்த புளியோதரையையும் தயிர் சாதத்தையும் பற்றித்தான். ஆனால் சொந்த உபயோகத்துக்கான உணவை அங்கே தடுப்பதில்லை. கண்ணாடிப் பாத்திரம்தான் கூடாது. அதிலும் குழந்தை உணவுச் சீசாவுக்கு விலக்கு உண்டு. நம் தேசத்துக் கேளிக்கைப் பூங்காக்கள் பலவற்றில் வாசலிலேயே கட்டுச்சாதத்தைப் பறித்து வைத்துவிட்டு, உள்ளே ஒரு தட்டு இட்டிலிக்கு ஊரை எழுதி வாங்குகிறார்கள். இரண்டு வயதுக் குழந்தை புதுச் சாப்பாட்டைத் தொடாது என்பது அங்கே சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாது போலும்.

குழந்தையின் தள்ளுவண்டிக்கும் அளவு உண்டு. 2019ஆம் ஆண்டு முதல் 31 அங்குல அகலத்துக்கும் 52 அங்குல நீளத்துக்கும் மேற்பட்ட வண்டியை விடுவதில்லை. அதற்குட்பட்ட வண்டிகளே ஆயிரக்கணக்கில்! ஒவ்வொரு வேடிக்கைக்கு முன்பும் வண்டிகளுக்கென்று ஒரு மைதானம். பணியாட்கள் அவற்றை அடிக்கடி ஒழுங்குபடுத்தி நகர்த்தி வைப்பதால் விட்ட இடத்தில் வண்டி இருக்கும் என்று நிச்சயமில்லை. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே சக்கரம். முதல் தடவை நாம் வேறு யாருடைய வண்டியையோ பத்தடி தூரம் தள்ளிக்கொண்டு போய்விட்டோம். அம்மாள் ஒன்றும் பேசாமல், மதுரை ஜவுளிக்கடையில் கொடுத்த மஞ்சள் பையை எடுத்து நம் வண்டியின் கைப்பிடியில் கட்டினாள். அதன்பிறகு நாள் முழுவதும், அரை பர்லாங் தூரத்திலிருந்தே நம் வண்டி நமக்குத் தெரிந்தது.

பேரனுக்கு முதல் துக்கம் காலை ஒன்பதரை மணிக்கு நேர்ந்தது. வேடிக்கைகள் சிலவற்றின் வாசலில் ஓர் அளவுகோல் நட்டிருக்கிறார்கள். 'ஸ்பேஸ் மவுண்டன்' என்ற இருட்டு ரயிலுக்கு 40 அங்குலம் உயரம் வேண்டும். 'மேட்டர்ஹார்ன்' என்ற பனிமலைச் சறுக்கு வண்டிக்கு 42. 'இண்டியானா ஜோன்ஸ்' என்பதற்கு 46. பட்டைகளும் பூட்டுகளும் சின்ன உடலைப் பிடித்து நிறுத்தா என்பதால் ஏற்பட்ட விதி இது. கெஞ்சினாலும் தளராது, தளரவும் கூடாது. பேரனின் உயரம் 37 அங்குலம். நுனிக்காலில் நின்று பார்த்தான். கையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து, பூங்காவின் வாத்தியங்கள் அனைத்தையும் அடக்கும்படி ஒரு குரல் எடுத்தான். வீட்டிலேயே சுவரில் அளந்து, எது ஆகும் எது ஆகாது என்று தெரிந்துகொண்டு, ஆகாததன் வாசல் பக்கமே போகாமல் இருப்பது புத்திசாலித்தனம் என்று நாம் அப்போது உணர்ந்தோம்.

அவனைச் சமாதானம் செய்தது டிஸ்னி கம்பெனி அல்ல, ஒரு வாத்து. அங்குள்ள நீர்நிலைகளில் காட்டு வாத்துகள் தாமாகவே வந்து குடியிருக்கின்றன. அவற்றுக்குச் சீட்டும் இல்லை, உயர அளவும் இல்லை. பேரன் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளாமலே அவற்றின் பின்னால் கால் மணி நேரம் நடந்தான். மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வாத்து பார்க்கவா நாலு பேருக்குச் சீட்டு வாங்கினேன்?" என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, முகம் சொல்லிற்று. ஆயினும் அந்த வயதுக் குழந்தைக்கு வாத்தும் அதிசயம்தான், சாக்கடை மூடியும் அதிசயம்தான், கோட்டையும் அதிசயம்தான். எது எத்தனை கோடி டாலரில் கட்டியது என்ற விவரம் அவனிடம் இல்லை. அதற்கு இடம்கொடுத்துப் போகிறவர்களுக்கு நாள் நன்றாகப் போகும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையை இழுத்துப் போகிறவர்கள் பத்தரை மணிக்குள் ஒருவரையொருவர் பார்க்க மாட்டாதவர்களாக ஆகிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட தம்பதிகள் சிலரைக் கண்ணாரக் கண்டோம்.

சின்னவளுக்கு வெயில்தான் எதிரி. ஆறு மாதம் நிறையாத சிசுவுக்கு வெயில் காப்புப் பூச்சு பூசுவதைவிட நிழலில் வைத்திருப்பதே நல்லது என்று குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள். நம் பேத்தி அந்த வயதைத் தாண்டிவிட்டாள். தொப்பியும் பூச்சுமாக இருந்தாள். அம்மாள் வழக்கப்படி ஒரு பழைய வேஷ்டியை எடுத்து வண்டியை மூடப் போனாள். "வேண்டாம் அம்மா, மூடினால் உள்ளே காற்று ஓடாது; வெளியே இருப்பதைவிடச் சூடு ஏறிவிடும்" என்று பெண் தடுத்தாள். அது மெய்தான்; மெல்லிய துணிகூட வண்டியின் உள்ளே வெப்பத்தைப் பிடித்து நிறுத்திவிடும் என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். அம்மாளுக்கு மனத்தாங்கல், "உன்னை வளர்த்தவள் நான்தானே" என்று முணுமுணுத்தாள். வண்டியை ஒரு மரத்தடிக்குத் தள்ளியதில் இரு தரப்புக்கும் கௌரவம் காப்பாற்றப்பட்டது.

கைக்குழந்தையுடன் ஏறக்கூடியவை நாம் நினைத்ததைவிட அதிகம். பூங்காவைச் சுற்றிவரும் நீராவி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே போகலாம். 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' என்ற படகு, 1964இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் யூனிசெஃப் சங்கத்துக்காக அமைத்தது. 1966இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். தண்ணீர் மெல்லத் தள்ளிக்கொண்டு போக, இருபுறமும் தேசாதேசத்துப் பொம்மைகள் ஒரே பாட்டைப் பாடுகின்றன. நம் நாட்டுப் பொம்மைகளும் உண்டு. பேரன் வாயைத் திறந்தபடி இருந்தான். பேத்தி அந்த விளக்குகளையும் வர்ணங்களையும் விழித்த கண்ணுடன் பார்த்துவிட்டு, பாதி உலகத்தைக் கடப்பதற்குள் தூங்கிப்போனாள். அந்தப் பாட்டு மட்டும் மூன்று நாள் வரை நம் காதைவிட்டு இறங்கவில்லை.

பேத்தி எழுந்து அழுதபோதுதான் அந்தப் பூங்காவில் நாம் கண்ட மிகப் பெரிய அதிசயத்தைக் கண்டோம். அது கோட்டையும் அல்ல, பனிமலையும் அல்ல. பிரதான வீதியின் கோடியில் இருக்கும் ஒரு சிறு கட்டடம். தாய்மார்கள் அமைதியாக உட்கார்ந்து பால் கொடுக்கத் தனி அறை. துணி மாற்ற மெத்தை போட்ட மேஜைகள். சோறூட்ட உயர்ந்த நாற்காலிகள். பால் சுடவைக்க அடுப்பு. நடை பழகும் குழந்தைகளுக்கென்று முழங்கால் உயரத்தில் சின்னஞ்சிறு கழிப்பிடம் வேறு! மறந்து வந்தவர்களுக்கு டயபரும் பால் மாவும் விலைக்குக் கிடைக்கும். கலிபோர்னியாவில் தாயும் சேயும் இருக்க உரிமையுள்ள எந்த இடத்திலும் பால் கொடுக்கலாம் என்று 1997இலேயே சட்டம் செய்திருக்கிறார்கள். ஆகவே இந்த அறை ஒளிந்துகொள்வதற்கு அல்ல, உட்கார்ந்து இளைப்பாறுவதற்கு. உள்ளே போன அம்மாள் வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். "எல்லாம் துடைத்து வைத்திருக்கிறார்கள்" என்றாள். அவள் வாயிலிருந்து இதற்குமேல் புகழ்ச்சி வந்ததை நாம் கேட்டதில்லை.

நம் நாட்டில் இந்த எண்ணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டிலேயே பஸ் நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்கு நூற்றுக்கணக்கான அறைகளைத் திறந்தார்கள். நல்ல காரியம், ஆனால் அவற்றுள் சிலவற்றில் பூட்டுத் தொங்குவதையும், ஒன்றில் துடைப்பங்கள் அடுக்கியிருந்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். அறை கட்டுவது ஒரு நாள் வேலை. அதைத் தினம் துடைப்பது அல்லவா நாகரிகம்?

பதினொரு மணிக்குப் பெண், "நான் மேட்டர்ஹார்ன் ஏறப் போகிறேன்" என்றாள்.

ஸ்விட்ஜர்லாந்து மலையின் உயரத்தில் நூறில் ஒரு பங்காக, 147 அடிக்கு எழுப்பிய செயற்கை மலை அது. 1959இல் திறந்தார்கள். ரோலர் கோஸ்டரின் தண்டவாளத்தை எஃகுக் குழாயால் வளைத்துச் செய்தது உலகிலேயே அங்கேதான் முதல் தடவை. மரத்தில் முடியாத வளைவெல்லாம் குழாயில் முடிந்தது. பிற்காலத்தில் வந்த பெரிய ரோலர் கோஸ்டர்கள் பலவற்றுக்கும் அதுதான் மூதாதை.

"பிள்ளை பெற்றவள் செய்கிற காரியமா இது?" என்றாள் அம்மாள்.

"டாக்டரைக் கேட்டாகிவிட்டது, அம்மா. மூன்று வருஷமாக ஒரு இடத்துக்கும் போகவில்லை. பத்து நிமிஷம் என் கையில் ஒருவரும் இல்லாமல் இருக்கிறேனே!"

அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆயினும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வாசலிலிருந்த பணிப்பெண் எங்கள் கூட்டத்தைப் பார்த்தாள். இரண்டு சிறு குழந்தைகளையும் பார்த்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறப்போவதாகவும், மற்றவர்கள் குழந்தைகளுடன் இருப்பதாகவும் தெரிந்துகொண்டு, நம்முடைய சீட்டையும் அம்மாளின் சீட்டையும் கேட்டு வாங்கி, ஒரு கருவியில் காட்டிப் பதிந்து கொடுத்தாள்.

"எதற்கு நம் சீட்டைப் பதிகிறாள்?" என்று அம்மாள் சந்தேகப்பட்டாள்.

"குழந்தையுடன் காத்திருப்பவர்களுக்கும் முறை உண்டு, அத்தை. நாங்கள் இறங்கி வந்து குழந்தைகளை வாங்கிக்கொண்டதும் நீங்களும் மாமாவும் போகலாம், மறுபடியும் அந்த நீள வரிசையில் நிற்க வேண்டாம்" என்றார் மாப்பிள்ளை.

"காத்திருந்தவர்களுக்கா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அவர்கள் இருவரும் வரிசைக்குள் மறைந்தார்கள். பேரன் பொரி தின்றான். பேத்தி அம்மாளின் மடியில் இருந்தாள். சற்று நேரம் கழித்து அம்மாள், நம்மைப் பார்க்காமல், மலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தமுக்கம் மைதானம் ஞாபகம் இருக்கிறதா? சித்திரைப் பொருட்காட்சி?"

1991ஆம் ஆண்டு. இப்போது மலைமேல் கூச்சலிட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அப்போது எட்டு மாதம். பொருட்காட்சியில் 'மரணக் கிணறு' போட்டிருந்தான். மரப்பலகைக் கிணற்றின் உட்சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற வித்தை. அந்தச் சத்தம் குழந்தைக்கு ஆகாது என்று சொல்லி, நாமும் நம் தம்பியும் மேலேறிப் பார்த்தோம். அம்மாள் குழந்தையுடன் வெளியே சீட்டுக் கூடாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாம் இறங்கி வந்ததும் மணியாகிவிட்டது என்று பஸ் பிடித்தோம்.

"வீடு போய்ச் சேரும் வரையில் அண்ணனும் தம்பியும் அதையே பேசிக்கொண்டு வந்தீர்கள். கையை விட்டு ஓட்டினான், ரூபாய் நோட்டைப் பறித்தான் என்று. எனக்கு வெளியே சத்தம் மட்டும்தான் கேட்டது. பலகை முழுவதும் அதிர்ந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன்."

அவள் குற்றம் சாட்டவில்லை. பழைய சங்கதி ஒன்றைச் சொல்கிறவள் போலத்தான் சொன்னாள். நாம் ஜன்னலைத் தேடினோம். அந்த இடத்தில் ஜன்னல் இல்லை.

பெண் தலை கலைந்து, முகம் சிவந்து, பதினெட்டு வயதுக்காரியைப் போல இறங்கி ஓடிவந்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு, "போ அம்மா, உன் முறை" என்றாள். அம்மாளுக்கு முழங்கால் வலி. குனிந்து அந்த வண்டியில் உட்கார முடியாது என்று சொல்லிவிட்டாள். அது வாஸ்தவமும்கூட. நமக்கு மட்டும் தனியாகப் போக மனம் வரவில்லை. பதிந்த சீட்டு பதிந்தபடியே இருந்தது.

நடுப்பகலில் விடுதிக்குத் திரும்பினோம். அன்றைய ஏற்பாடுகளிலெல்லாம் சிறந்தது இதுதான். அதே நாளில் மறுபடியும் உள்ளே விடுவார்கள் என்பதால், கிட்டத்தில் அறை எடுத்தவர்கள் உச்சி வெயிலைத் தூங்கிக் கழிக்கலாம். குழந்தைகள் மூன்று மணி நேரம் தூங்கினார்கள்; பெரியவர்களும்தான். தூங்காமல் உள்ளேயே சுற்றிய குடும்பங்களைச் சாயங்காலம் சந்தித்தோம். அவர்கள் நிலைமையை வர்ணிப்பது தர்மமாகாது.

இரவு வாணவேடிக்கைக்கு நிற்பதில்லை என்று முன்பே தீர்மானம். பேத்திக்குக் காதுமூடி வாங்கி வைத்திருந்தோம். ஆனாலும் ஏழு மாதக் குழந்தைக்கு வெடிச் சத்தத்தில் என்ன ஆனந்தம் இருக்கப்போகிறது? விளக்கேற்றும் நேரத்தில் கடைசியாகக் குடை ராட்டினத்துக்கு வந்தோம். அது பூங்காவைவிட மூத்தது. 1922இல் செய்து, கனடாவில் டொரான்டோ நகரத்துக் கடற்கரைப் பூங்கா ஒன்றில் சுற்றிக்கொண்டிருந்ததை வாங்கி வந்து இங்கே நிறுத்தினார்கள். குதிரைகள் எல்லாமே பாயும் குதிரைகள். நின்ற குதிரை ஒன்றுகூட இல்லை. உயர அளவு இதற்குக் கிடையாது. சிறு குழந்தையைக் குதிரைமேல் வைத்துப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும்.

"அம்மாச்சி வா!" என்று பேரன் அவள் கையைப் பிடித்தான்.

"தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போடா" என்றாள் அம்மாள்.

நாம் பேத்தியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டோம். "நீ போ. நாம் வெளியே இருக்கிறோம்" என்றோம்.

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். பேரனை ஒரு வெள்ளைக் குதிரைமேல் உட்காரவைத்து, ஒரு கையால் அவனையும் மறு கையால் கம்பத்தையும் பிடித்துக்கொண்டாள். மணி அடித்தது, வாத்தியம் தொடங்கிற்று. முதல் சுற்றில் அவள் பேரனையே பார்த்தாள். இரண்டாம் சுற்றில் நம்மைத் தேடினாள். கண்டுகொண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் சுற்றில் பேரன் கைதட்ட, அவள் வாய்விட்டுச் சிரித்தது வாத்தியத்தை மீறிக் கேட்டது. பேத்தி நம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டபடியால், அதன்பிறகு நமக்கு வர்ணங்களும் விளக்குகளும் மட்டுமே தெரிந்தன.

ராட்டினம் நின்றது. பேரனுடன் அம்மாள் வேலியோரமாக வந்தாள். பேத்தியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டுவாள் என்று நாம் குழந்தையை முன்னால் நீட்டினோம். அவள் கை நீட்டவில்லை.

"பால் புட்டி மஞ்சள் பையில் இருக்கிறது. சூடு பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு, பேரனை இழுத்துக்கொண்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றாள்.